ஒன்றா, ஏழா?

நான் வேலை பார்த்த சோதனைக்கூடத்தில் புதிதாக ஒரு கருவி வாங்கியிருக்கிறார்களாம். அரைத்து அழிக்கப்பட்ட எண்ணின் மேல் வைத்தால், காந்தத்தைக் கொண்டு படித்துத் திரையில் காட்டிவிடுமாம். அமிலம் வேண்டாம், உப்புத்தாள் வேண்டாம், விரலில் கறை வேண்டாம். என் இடத்தில் இப்போது இருக்கும் ஷ்வேதா போனில் இதைச் சொல்லிவிட்டு, “ஆனா மேடம், அது சில சமயம் மங்கலாத்தான் காட்டுது. நீங்க ஆசிட் வேலையைப் பத்தி எழுதிக் குடுங்க, புதுசா சேர்ந்தவங்களுக்கு வேணும்” என்று கேட்டாள்.

நான்கு பக்கம் எழுதி அனுப்பினேன். எந்தத் தாளுக்குப் பிறகு எந்தத் தாள், எத்தனை நிமிடம், எங்கே நிறுத்துவது. படித்துவிட்டு மறுபடி கூப்பிட்டாள்.

“எல்லாம் இருக்கு மேடம். ஆனா வர்ற நம்பரை நம்பலாமா வேண்டாமான்னு எப்படித் தெரியும்? அது மட்டும் இல்லையே.”

அதற்கு என்னிடம் விதிமுறை எதுவும் இல்லை. ஒரு சம்பவம்தான் இருக்கிறது.

என் பெயர் சுலோசனா. மைசூர் அக்ரஹாரத்தில் பிறந்து, வேதியியல் படித்து, தொழிற்பேட்டையில் இருந்த ஒரு தனியார் உலோகச் சோதனைக்கூடத்தில் சேர்ந்தேன். முதல் சில வருடங்கள் தொழிற்சாலைகளிலிருந்து வரும் இரும்புத் துண்டுகளைத் தேய்த்துக்கொண்டே கழிந்தன. வேலையின் பெரும்பகுதி தேய்ப்பதுதான் என்பது சேரும்போது எனக்குத் தெரியாது. இரும்பின் உள்ளமைப்பைப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் அதைக் கண்ணாடி போல ஆக்க வேண்டும். சொரசொரப்பான தாளில் ஆரம்பித்து, ஒவ்வொரு தாள் மாற்றும்போதும் திசையைக் குறுக்காகத் திருப்பி, முந்தைய தாளின் கீறல் ஒன்றுகூட மிச்சமில்லை என்று தெரிந்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். ஒரு கீறல் தங்கிவிட்டால் அமிலம் அதைத்தான் முதலில் கவ்வும். விரல் ரேகை பட்டிருந்தால் அங்கே திட்டாக நிற்கும். இரும்பு முழுக்க ஒரே சீரான சாம்பல் நிறம் வந்தால்தான் அதில் தெரிவதை நம்பலாம்.

பிறகு காப்பீட்டு நிறுவனங்களின் வேலை வர ஆரம்பித்தது. திருட்டு வண்டிகளின் சேஸிஸ் எண்ணை அரைத்துவிட்டு வேறு எண் அடித்து விற்பார்கள். பழைய எண்ணை மீட்டுத் தர வேண்டும். அது எப்படி முடியும் என்று எல்லோரும் கேட்பார்கள். இரும்பில் எண்ணை அடிக்கும்போது குழி மட்டும் விழுவதில்லை, குழிக்கு அடியில் உள்ள இரும்பும் நசுங்குகிறது. மேலே குழி மறையும்வரை அரைத்தாலும், நசுங்கிய இரும்பு கொஞ்சம் கீழே இருக்கும். அமிலம் அதையும் சுற்றியுள்ள இரும்பையும் வேறு வேறு வேகத்தில் தின்னும். அந்த வித்தியாசம்தான் எண்ணாகத் தெரியும். அதுவும் சில நிமிடங்களுக்குத்தான். சில சமயம் ஒரே நிமிடம். ரொம்ப ஆழமாக அரைத்துவிட்டால் வராது.

இந்த வேலைக்கு என் மேலதிகாரி வரதராஜன் சார். மேல்கோட்டை மண்டயம் ஐயங்கார் குடும்பம், மெலிந்த உடம்பு, நெற்றியில் சன்னமான ஸ்ரீசூர்ணம். என் வேலைக்காலம் முழுக்க அவரிடம் “நன்றாகச் செய்தாய்” என்று ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை. நான் துடைத்து வைத்த இடத்தை அசிட்டோன் நனைத்த பஞ்சால் அவர் மறுபடி துடைத்து, பஞ்சை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். புட்டியில் ஒட்டிய லேபிளை நம்ப மாட்டார். உபயோகமில்லாத ஒரு இரும்புத் துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகுதான் அமிலத்தைக் கையில் கொடுப்பார்.

அவருடைய ஒரு வழக்கத்தை மட்டும் ஷ்வேதாவுக்கு அனுப்பிய குறிப்பில் அடிக்கோடிட்டு எழுதினேன். வழக்கோடு வரும் கடிதத்தை அவர் எங்களுக்குக் காட்டவே மாட்டார். அதில் “இந்த வண்டி இன்ன எண்ணாக இருக்கலாம் என்று சந்தேகிக்கிறோம்” என்று எழுதியிருக்கும். அந்த எண்ணை ஒரு தடவை பார்த்துவிட்டால், அமிலம் ஊற்றியதும் கண் அதைத்தான் தேடும், தேடினால் கிடைத்தும் விடும் என்பார். இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து, ஒவ்வொரு இலக்கத்துக்கும் பக்கத்தில் உறுதி, ஊகம், தெரியவில்லை என்று மூன்றில் ஒன்றை எழுதி, உறையில் போட்டு ஒட்டிவிட வேண்டும். மறுநாள் மேஜையில் உறைகளைப் பிரித்த பிறகே கடிதத்தை எடுப்பார். இந்த ஒரு விஷயத்தில் அவர் வழுக்கி நான் பார்த்ததே இல்லை.

அதனால்தான் அன்றைக்குக் கொள்ளேகாலில் அவர் சொன்னது எனக்கு அப்படித் தூக்கிவாரிப் போட்டது.

ஹனூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர், மாதப்பன் என்று பெயர். கொள்ளேகாலில் ஒரு தரகரிடம் பழைய பிக்கப் வண்டி வாங்கி, தக்காளியும் தேங்காயும் மாதேஸ்வரன் மலைக் கடைகளுக்கும் பாலாறு தாண்டி மேட்டூர் வரைக்கும் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரு நாள் பாலாறு சோதனைச்சாவடியில் வண்டியைக் குனிந்து பார்த்த ஒரு காவலருக்குச் சந்தேகம் வந்தது. சேஸிஸ் எண் கோணலாக அடிக்கப்பட்டிருந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளி, மேலே பெயின்ட் பூசிய இடம் சற்றுப் பள்ளமாக இருந்தது. வண்டியைப் போலீஸ் பிடித்து வைத்தது. பள்ளத்தில் பழைய எண்ணின் முன்பகுதி லேசாகப் படிக்கும்படி இருந்தது. கடைசி நான்கு இலக்கங்கள் போய்விட்டன. இன்ஜின் எண்ணும் சுத்தமாக இல்லை. அந்த முன்பகுதியைப் பார்த்துவிட்டு மைசூரில் ஒரு காப்பீட்டு நிறுவனம், இது எங்களிடம் திருட்டு என்று பதிவான வண்டி, எங்களுக்குத்தான் சேர வேண்டும் என்று நீதிமன்றத்துக்குப் போனது. வண்டியைப் போய்ப் பார்த்து அறிக்கை தரும்படி நீதிமன்றம் எங்களிடம் சொன்னது.

போகும் அன்று காலையிலேயே எனக்கு ஒன்று பிடிக்கவில்லை. வழக்கில் சம்பந்தப்பட்ட கட்சியின் வாகனத்தில் ஏறக்கூடாது என்பது சாருடைய சட்டம். அன்று காப்பீட்டு நிறுவனத்து அதிகாரி நாகேந்திராவின் காரில் போகிறோம் என்றார். நாகேந்திரா சிரித்த முகம், வழியெல்லாம் கன்னடத்தில் பேச்சு. கொள்ளேகாலில் இட்லி சாப்பிட நிறுத்தினோம். நான் கை கழுவிவிட்டு வந்தபோது இருவரும் காருக்குப் பின்னால் தனியாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் நாகேந்திரா பேச்சை நிறுத்திவிட்டார்.

மறுபடி ஏறும்போது சார் என் பக்கம் குனிந்து, தாழ்ந்த குரலில் தமிழில் சொன்னார்:

“கடைசி நாலுல முதல் இலக்கம் ஏழுன்னு வரும். பார்த்துக்கோ.”

ஹனூர் தாண்டி மலைப்பாதை ஏறும்வரை அமிலப் பெட்டியை மடியில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடம் கடிதத்தைப் பூட்டி வைத்தவர், கட்சிக்காரரோடு பேசிய கையோடு என் காதில் ஒரு எண்ணைச் சொல்கிறார். இதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் எனக்குத் தோன்றியது. அவருடைய பழைய கண்டிப்பெல்லாம்கூட இப்படி ஒரு நாளைக்காகக் கட்டிவைத்த நல்ல பெயர்தானோ என்றுகூட நினைத்தேன். சந்தேகம் வந்துவிட்டால் பழசையெல்லாம் திருப்பி எழுதிவிடும்.

மலைமேல் போலீஸ் ஸ்டேஷன் பின்புறம் பிடிபட்ட வண்டிகள் வரிசையாக நின்றன. ஒரு லாரியின் தளத்தில் செடியே முளைத்திருந்தது. மாதப்பனின் பிக்கப்பின் நெற்றியில் “ஸ்ரீ மாதேஸ்வரா துணை” என்று புதிதாக எழுதியிருந்தது. அவர் பக்கத்தில் நின்றிருந்தார். சோதனையின்போது இருக்க அவருக்கு உரிமை உண்டு. ஐம்பது வயதிருக்கும். நான் பெட்டியைத் திறந்து புட்டிகளை எடுத்து வைப்பதை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“ஏனுங்க அம்மணி, அந்தத் தண்ணிய ஊத்துனா நெம்பரு வருமுங்களா?”

“இருந்தா வரும்.”

“வர்றதுங்களா, இல்ல நீங்க வரவெக்கறதுங்களா?”

சார் நிமிர்ந்து பார்த்தார். நான், “நீங்க இங்கயே நின்னு பாருங்க. யாரும் உங்களைப் போகச் சொல்ல மாட்டாங்க” என்றேன். நாகேந்திரா கொஞ்ச தூரத்தில் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

வலப்பக்கச் சக்கரத்துக்கு உள்ளே, இரும்புச் சட்டத்தின் மேல் அந்த இடம். படம் எடுத்துவிட்டு பெயின்ட்டைக் கரைத்து எடுத்தேன். கிரைண்டர் ஓடிய தடங்கள் அலை அலையாகத் தெரிந்தன. தாளைச் சின்ன மரக்கட்டையில் சுற்றி, ஒரு திசையில் தேய்த்து, துடைத்து, குறுக்காக அடுத்த தாளில் தேய்த்தேன். மண்டியிட்டு, கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து ஒன்றரை மணி நேரம். அதற்கு மேல் தேய்க்கவும் பயம். எடுக்கிற ஒவ்வொரு தூசியும் எண் இருக்கிற இரும்பிலிருந்துதான் போகிறது.

பிறகு சுற்றிலும் களிமண்ணால் கரை கட்டி, முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, பஞ்சை அமிலத்தில் நனைத்து ஒற்றினேன். அந்த அமிலத்தில் தாமிர உப்பு கலந்திருக்கும். இரும்பு உடனே செம்பு நிறமாகும். படியும் செம்பைப் பஞ்சால் ஒரே சீராகத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஓரிடத்தில் அழுத்திவிட்டால் அங்கே திட்டு விழும். சார் பக்கவாட்டில் டார்ச் பிடித்தார்.

ஏழெட்டு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு இரண்டாவது இடத்தில் ஒரு வளைவு கறுத்தது, அதற்கு மேல் இன்னொன்று. மூன்று. சந்தேகமே இல்லாத மூன்று. கடைசி இரண்டு இடங்களில் வெறும் சாம்பல். அரைத்தவன் அங்கே ஆழமாகப் போயிருந்தான். முதல் இடத்தில் ஒரு செங்குத்துக் கோடு மெல்ல எழுந்தது. அதன் தலையில், இடப்பக்கமாக, ஒரு சின்னக் கோடு.

ஏழு.

சார் சொன்னது அப்படியே வந்திருக்கிறது. ஆனால் அந்தத் தலைக்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் நுனி கூராக இருந்தது. எண் அடிக்கும் அச்சின் கோடு மழுங்கி முடியும், கூராகாது. கிரைண்டரின் கீறல்தான் கூராகும்.

“போறும். எழுதிடு” என்றார் சார்.

“இல்ல சார். ஒரு கீறல் தங்கியிருக்கு. இன்னொரு தடவை மெருகு போட்டுப் பார்க்கணும்.”

“மறுபடி தேய்ச்சா எண்ணே போயிடும். தெரியுமோன்னோ?”

“தெரியும்.”

“அப்புறம் வராட்டா?”

“தெரியவில்லைன்னு எழுதறேன் சார்.”

அவர் என்னையே பார்த்தார். அந்தப் பார்வையை அப்போது மிரட்டல் என்று எடுத்துக்கொண்டேன். “உன் பொறுப்பு” என்று டார்ச்சை அணைத்தார்.

வந்தவரைக்கும் படம் எடுத்துக்கொண்டேன். அமிலத்தைக் கழுவி, ஆகச் சன்னமான தாளை எடுத்து, அந்தக் கீறலுக்குக் குறுக்காக மட்டும் தேய்த்தேன். இருபது நிமிடம். மாதப்பன் கிட்டே வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மறுபடி அமிலம் ஒற்றினேன். இந்தத் தடவை மேற்பரப்பு முழுக்க, ஒரு திட்டுகூட இல்லாமல் சாம்பல் படர்ந்தது. நான் அதுவரை செய்ததிலேயே சீரான மெருகு அதுதான். அதில், முதல் இடத்தில் செங்குத்துக் கோடு மட்டும் வந்து நின்றது. தலையில் ஒன்றும் இல்லை. ஒரு நிமிடம் இருந்திருக்கும். ஆய்வகத்துக் கேமராவில் மூன்று படம் எடுத்தேன். பிறகு, விதிப்படி செய்யக்கூடாதது, என் சொந்த போனிலும் ஒன்று எடுத்தேன். கேமரா சாரிடம்தானே இருக்கும்.

சீட்டில் முதல் இலக்கத்துக்கு நேரே “1, உறுதி” என்று எழுதி உறையில் போட்டு ஒட்டினேன். சாரும் தன் சீட்டை ஒட்டினார்.

திரும்பும்போது எனக்குத் தலைவலி, காரில் ஒத்துக்கொள்ளாது என்று பொய் சொல்லிவிட்டு பஸ்ஸில் வந்தேன். வீட்டில் உட்கார்ந்து நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். மேலதிகாரி கட்சிக்காரரோடு தனியாகப் பேசினார், எனக்கு முன்கூட்டியே எண்ணைச் சொன்னார், அவருடைய அறிக்கையை நம்ப வேண்டாம், என் போனில் படம் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். உறைகளைப் பிரித்த பிறகு தபாலில் சேர்ப்பதாக நினைப்பு.

மறுநாள் பத்து மணிக்கு சார் உறைகளைப் பிரித்தார். முதலில் என்னுடையது. பிறகு அவருடையதை மேஜையில் வைத்து என் பக்கம் தள்ளினார்.

“1, உறுதி.”

இரண்டு சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

“அப்ப ஏன் சார் என்கிட்ட ஏழுன்னு சொன்னீங்க?”

“நாகேந்திரா அப்படித்தான் சொல்லிண்டிருந்தான். உன்கிட்ட சொன்னா நீ என்ன எழுதறேன்னு பார்க்கணும்னு தோணித்து.”

“எதுக்கு?”

“இதுக்கு முன்னாடி ரெண்டு ரிப்போர்ட்ல என்ன வந்திருக்குன்னு, நாம அனுப்பறதுக்கு முன்னாடியே அவன் கம்பெனிக்காராளுக்குத் தெரிஞ்சிருக்கு. இங்கேர்ந்துதான் போயிருக்கணும். உள்ளே வந்து போறவா நாலு பேர். அதுல நீயும் ஒருத்தி.” மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மூணு மாசமா உன்னைப் பார்த்துண்டிருக்கேன். அந்தக் கார்ல ஏறினதும் அதுக்குத்தான். அவன் உன்கிட்ட எப்படிப் பேசறான்னு பார்க்க.”

மூன்று மாதமாக நான் வைத்த புட்டியை, நான் துடைத்த இடத்தை, என் டிபன் டப்பாவைக்கூட அவர் வேறு கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். கைப்பையைத் திறந்து கடிதத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். கோபத்தில்தான் வைத்தேன். நானும் ஒன்றும் குறைந்தவளில்லை என்று காட்ட.

நிதானமாக, கடைசிவரை படித்தார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து ஒரு இடத்தில் வட்டம் போட்டு என்னிடமே நீட்டினார்.

“தேதி தப்பு. நாம போனது நேத்திக்கு, முந்தாநாள் இல்ல. இதை வெச்சுண்டே வக்கீல் உன்னைக் கிழிச்சுடுவான்.” சற்றுப் பொறுத்து, “சந்தேகப்பட்டது சரி. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?” என்றார்.

“நீங்களும் கேட்டிருக்கலாமே சார்.”

போனில் எடுத்த படத்தையும் அறிக்கையோடு சேர்க்கச் சொன்னார். விதியை மீறி எடுத்தது என்பதையும் எழுதச் சொன்னார். தகவல் யார் மூலமாகப் போனது என்பது கடைசிவரை தெரியவில்லை. அவர் சொன்ன காரணம் முழுக்க உண்மைதானா, அல்லது நான் மறுபடி தேய்த்ததைப் பார்த்து அவர் மனதை மாற்றிக்கொண்டாரா என்று இன்றும் எனக்குள் ஒரு மூலையில் கேள்வி உண்டு. சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். அதற்குப் பிறகும் பல வருடங்கள் ஒன்றாக வேலை பார்த்தோம். அவர் என் பஞ்சை வெளிச்சத்தில் பார்ப்பார், நான் அவர் சீட்டைக் கவனிப்பேன்.

காப்பீட்டு நிறுவனம் தேடிய எண்ணில் அந்த இடத்தில் ஏழு; வண்டியில் இருந்தது ஒன்று என்பதால் அவர்களுடைய உரிமைக் கோரிக்கை விழுந்தது. ஒன்று, மூன்று, அதற்குப் பிறகு தெரியாது. அதை வைத்துப் போலீஸ் தேடியதில், தர்மபுரிப் பக்கத்தில் இளநீர் வியாபாரி ஒருவர் கொடுத்திருந்த புகார் பொருந்தியது. வண்டி அவருக்குப் போனது. மாதப்பனிடம் விற்பனைச் சீட்டு இருந்ததால் அவர் மேல் வழக்கு இல்லை. தரகரைக் காணவில்லை. இரண்டு இலக்கங்கள் தெரியாமலேயே ஒரு மனிதரின் பிழைப்பு கைமாறிவிட்டதே என்று எனக்கு உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

சில மாதம் கழித்து மாதப்பன் எங்கள் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

“அம்மணி, ஒண்ணு சொல்லிட்டுப் போலாம்னு வந்தனுங்க. நானு உங்கள நம்பலீங்க. நீங்க, அந்தப் பெரியவரு, போலீசு எல்லாருஞ் சேந்து எதோ பண்றீங்கன்னுதானுங்க நெனச்சேன். ஆசிடு ஊத்துனா எந்த நெம்பரு வேணாலும் வரும்னு ஊருக்குள்ள சொன்னாங்க.”

“இப்ப?”

“தருமபுரி போயிருந்தனுங்க. பாலாறு தாண்டி ரெண்டு பஸ்ஸு மாறி. அந்தாள நேர்ல பாத்துப்போட்டு, உங்க வண்டீல என்னங்க அடையாளம்னு கேட்டேன். நானா ஒண்ணுஞ் சொல்லலீங்க. சீட்டுக்கு அடீல ஒரு வெல்டு இருக்கும், எந்தம்பி வெச்சது, கோணலா இருக்கும்னாருங்க. நானு தெனமும் பாத்த வெல்டுதானுங்க அது. சீட்டைத் தூக்குனாத்தான் தெரியும்.” துண்டை உதறித் தோளில் போட்டார். “அந்தாளு வண்டிதானுங்க. என்ன பண்றது. வர்றனுங்க.”

காபி வேண்டாம் என்றுவிட்டுப் போய்விட்டார். இத்தனை வருடத்தில், நான் படித்த ஒரு எண் சரிதான் என்று வெளியாள் ஒருவர் வந்து சொன்னது அந்த ஒரு தடவைதான். அவரே வண்டியை இழந்தவர். உள்ளே போய் சாரிடம் சொன்னேன்.

அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “வெல்டிங் கதவோரமா, கியர் பக்கமா? கேட்டியோ?” என்றார்.

கேட்கவில்லை. கையுறையைக் கழற்றி வீசிவிட்டு ஓடினேன். எதிர்ப்புற பஸ் நிறுத்தத்தில் மாதப்பன் நின்றிருந்தார், பஸ் தெரு முனையில் திரும்பிக்கொண்டிருந்தது.

“அந்த வெல்டு,” எனக்கு மூச்சு வாங்கியது, “கதவுப் பக்கமா, கியர்ப் பக்கமா?”

அவர் என்னைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தார்.

“கியர்ப் பக்கமுங்க. நானும் அந்தாள அதத்தானுங்க கேட்டேன்.”